மொட்டை மாடியில் ஒரு குட்டி ஓபரா போடுவது எப்படி?

எங்கள் குடியிருப்பில் பொங்கல் என்றால் உறியடி, கோலப்போட்டி, பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவது, கடைசியில் எவர்சில்வர் தட்டு பரிசு. காட்பாடிப் பக்கம் எந்த நகருக்குப் போனாலும் இதேதான். போன பொங்கலுக்கு நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து மாடியில் 35 நிமிடம் ஒரு ஓபரா, அதாவது வசனத்தையும் பாட்டாகவே பாடுகிற நாடகம், போட்டோம். ஓபரா என்றால் யாரோ ஒரு அம்மா கண்ணாடி டம்ளர் உடைகிற அளவுக்குக் கத்துவது என்று நினைத்து வந்தவர்கள்கூட கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் நடுவில் எழுந்து போனார்கள், புருஷனும் பெண்டாட்டியும், அதைப் பிறகு சொல்கிறேன். அதிலிருந்து நாலு பேர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

மாதிரிக்கு நாங்கள் வைத்துக்கொண்டது அமெரிக்க இசையமைப்பாளர் லியோனார்டு பெர்ன்ஸ்டைனின் 'டிரபிள் இன் தாஹிதி' என்ற ஓபரா. 1952 ஜூன் 12 அன்று அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் முதலில் மேடையேறியது. ஏழு காட்சிகள், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பாட்டு எழுதியதும் மெட்டுப் போட்டதும் அவரே. ஊருக்கு வெளியே புல்தரையும் வெள்ளை வீடுமாக இருக்கிற ஒரு நகரில் சாம், டைனா என்று ஒரு தம்பதி. காலையில் சாப்பாட்டு மேசையில் சண்டை, அப்புறம் அவன் ஆபீஸ், அவள் மனநல மருத்துவரிடம் போகிறாள், மத்தியானம் தெருவில் எதிரும் புதிருமாக முட்டிக்கொள்கிறார்கள், ராத்திரி உட்கார்ந்து மனம் விட்டுப் பேசலாம் என்று ஆரம்பித்து வார்த்தை வராமல் 'சரி, சினிமாவுக்குப் போகலாம்' என்று கிளம்பிவிடுகிறார்கள். அன்றைக்குப் பையனுடைய பள்ளியில் நாடகம். அப்பா ஹேண்ட்பால் போட்டிக்குப் போய்விட்டார், அம்மாவும் பள்ளிக்கு எட்டிப் பார்க்கவில்லை, சினிமா பார்த்துவிட்டு வந்து அது எவ்வளவு கண்றாவிப் படம் என்று ஒரு காட்சி முழுக்கப் பாடுகிறாள். ராத்திரி இரண்டு பேரும் கிளம்பிப் போவது அதே படத்துக்குத்தான். அவன் கேட்கவில்லை, அவளும் நான் பார்த்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அந்தப் படத்தின் பெயர்தான் ஓபராவுக்கும் பெயர். பையன் மேடைக்கு வரவே மாட்டான்.

பெர்ன்ஸ்டைன் இதை எழுத ஆரம்பித்தது 1951-ல், தன்னுடைய தேனிலவில். அவருடைய அப்பா பெயர் சாமுவேல். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவருடைய இசையை அப்படியே எடுத்து மேடையில் போட முடியாது. அவர் இறந்தது 1990-ல், நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு 60 வருடம் உரிமை இருக்கிறது, ஆகவே 2050 முடியும் வரை அனுமதி வாங்காமல் தொடக்கூடாது. அவரிடமிருந்து கட்டுமானத்தைக் கற்றுக்கொண்டு கதை, மெட்டு, சொல் எல்லாவற்றையும் நீங்களே செய்துகொள்ளுங்கள். அதுதான் நல்லதும்கூட, புல்தரை வெட்டும் கதையை வைத்துக்கொண்டு காட்பாடியில் என்ன செய்வது?

ஒரே நாள், இரண்டே பேர்

கதை ஒரு நாளைத் தாண்டக் கூடாது. கல்யாணம் எப்படி நடந்தது, நகை எவ்வளவு போட்டார்கள், யார் யாரை முதலில் ஏமாற்றினார்கள் என்று பின்கதைக்குள் போனீர்கள் என்றால் மெகா சீரியல் ஆகிவிடும். காலை டிபனில் தொடங்கி ராத்திரி வாசல் லைட் அணைப்பதில் முடித்துவிடுங்கள். எங்கள் கதையில் அவன் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன், அவள் கல்யாணத்துக்கு முன்னால் டீச்சர். பெயர் வைக்கவில்லை. பத்து வருடம் ஆன புருஷன் பெண்டாட்டி பெயர் சொல்லியா கூப்பிட்டுக்கொள்கிறார்கள்? 'இன்னாங்க', 'இந்தாம்மா', அவ்வளவுதானே.

மாமியாரை மேடையில் ஏற்றாதீர்கள். இதில் எங்களுக்குள்ளேயே பெரிய சண்டை, மாமியார் இல்லாமல் தமிழ்க் குடும்பக் கதையா என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் மாமியார் வந்த நிமிடமே பார்க்கிறவர்களுக்குப் பழிபோட ஒரு ஆள் கிடைத்துவிடும், எல்லோரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்தக் கதையில் யார் மேலும் பழி இல்லை, அதுதான் கஷ்டமே. கடைசியில் மாமியாருக்குப் பதிலாக ஒரு போன்கால் வைத்தோம். அவன் 'ம்... ம்... சாப்ட்டேன்மா... ம்' என்று மட்டும் பாடுகிறான், எதிர்முனை கேட்காது. சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது அந்த இடத்தில்தான்.

அப்புறம் பெரிய சண்டை எதுவும் எழுதாதீர்கள். தட்டைத் தூக்கி எறிவது, 'நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்', இதெல்லாம் கைதட்டல் வாங்கும், மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. சாமும் டைனாவும் சண்டை போடுகிற காட்சியைவிடத் தெருவில் பார்த்துக்கொள்கிற காட்சிதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆளுக்கொரு பொய் சொல்லி, யாரோடோ சாப்பிடப் போவதாகச் சொல்லிப் பிரிந்து, இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் போகிறார்கள்.

நாங்கள் அதை வேலூர் க்ரீன் சர்க்கிள் சந்திப்பில் வைத்தோம். பஸ் ஹாரன் சத்தத்தில் பாதி காதில் விழாமல் பேசுகிறார்கள். அவன் ஆடிட்டரைப் பார்க்கப் போகிறேன் என்கிறான், அவள் தொரப்பாடியில் சித்தி வீட்டுக்கு என்கிறாள். அடுத்த நிமிடம் இரண்டு பேரும் கோட்டைக்கு வந்து அகழிக்கு இந்தக் கரையில் ஒருத்தர், அந்தக் கரையில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடைக்கு நடுவில் நீலப் புடவை ஒன்றை நீளமாக விரித்துப் போட்டோம், அதுதான் அகழி. ஒரே மெட்டை இரண்டு பேரும் பாடுகிறார்கள், அடுத்தவர் பாடுவது யாருக்கும் தெரியாது. அங்கே நான் எழுதிய வசனத்தையெல்லாம் ஒத்திகையில் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்து, கடைசியில் ஆளுக்கு ஆறு வரிதான் மிஞ்சியது.

மூன்று பேர் கோஷ்டி

பெர்ன்ஸ்டைன் செய்த கெட்டிக்காரத்தனம் இன்னொன்று. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பெண்ணும் இரண்டு ஆணும் வந்து, ரேடியோ விளம்பரம் மாதிரி ஜாஸில் குழைந்து, எங்கள் நகரைப் போல உண்டா, வெயில் ஜன்னலை முத்தமிடுகிறது என்று பாடிவிட்டுப் போவார்கள். ஷேக்கர் ஹைட்ஸ், பெவர்லி ஹில்ஸ் என்று நகர்ப் பெயர்களை வரிசையாக அடுக்குவார்கள். உள்ளே வீட்டில் இரண்டு பேர் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இதை முதலில் கேட்டபோது எனக்குப் பெர்ன்ஸ்டைன் ஞாபகமே போய்விட்டது, தெருக்கூத்துதான் ஞாபகம் வந்தது. பழைய வடாற்காட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, செய்யாறு பக்கத்துப் புரிசை முதல் எத்தனை ஊர்க் களரியில் விடிய விடியப் பார்த்திருப்போம். ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் விருத்தம் பாடி வருவதற்குள் கட்டியங்காரன் ஜனங்களோடு பேசி ஆளைப் பற்றிச் சொல்லிக் கிண்டலும் அடித்துவிடுவான், பின்பாட்டுக்காரர்கள் கடைசி வரியை எடுத்துத் திருப்பிப் பாடுவார்கள். அந்த மூன்று பேர் வேலையும் இதேதான். ஆகவே எங்கள் கோஷ்டியில் நடுவில் கட்டியங்காரன், இரண்டு பக்கமும் பின்பாட்டு. கட்டியங்காரனுக்கு வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், கையில் லேஅவுட் வரைபடம். ஆம், மனை புரோக்கர். ஆட்டோவில் மைக் கட்டி வருகிற விளம்பரத்தைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள், மெட்டு தானாக வரும்:

காத்து வருது காத்து வருது பாலாத்துக் காத்து
பாத்து வாங்கு பாத்து வாங்கு கிழக்கப் பாத்து
முப்பதடி ரோட்டு மேல மூணு பெட்ரூம் வீடு
அப்பா அம்மா ஒத்தப் புள்ள, அதுக்கு மேல ஏது?

ஊர்ப் பெயர்களை அடுக்குவதற்கு வேலூரைச் சுற்றி நமக்குப் பஞ்சமே இல்லை. தொரப்பாடி, பாகாயம், அரியூர், அல்லாபுரம், விருதம்பட்டு, காங்கேயநல்லூர், சத்துவாச்சாரி என்று தொடையில் தட்டிச் சொல்லிப் பாருங்கள். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டே, அதையும் கட்டியங்காரன் வாயில் வைத்தோம். 'சாமி 1981-லயே கோயிலுக்குத் திரும்பி வந்துட்டாருப்பா' என்று பின்பாட்டு திருத்தும், 'சரி, அப்ப மிச்சம் மூணு' என்று அவன் விரலை மடக்கிவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பான். உள்ளே இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒன்று மறக்காதீர்கள், கோஷ்டி தம்பதிக்காகப் பரிதாபப்படவே கூடாது. கடைசி வரைக்கும் மனை விற்றுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர்

நம் மேடையில் ஒருவர் பாடி முடித்த பிறகுதான் அடுத்தவர் பாடுவார். கூத்தில் தர்க்கம் எவ்வளவு சூடாகப் போனாலும் மாறி மாறித்தான். ஓபராவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு வேறு சொல்லைப் பாடலாம். வீட்டில் நடப்பதும் அதுதானே, யார் யார் பேச்சைக் கேட்டு முடித்துவிட்டுப் பேசுகிறார்கள்? ஆனால் சாதாரணமாக எழுதினால் சந்தைக்கடை ஆகிவிடும். நாங்கள் மூன்று நாள் அடிபட்டுத்தான் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஆதி தாளத்தில் அவளுக்கு ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, இரண்டே சொல், இழுத்து. அவனுக்கு அதே ஆவர்த்தனத்தில் பொடிப்பொடியாக ஒன்பது சொல்.

அவள்: சாயந்தரம்... வருவீங்களா...
அவன்: சாவி எங்க, பைல் எங்க, சார்ஜர் எங்க, நேரமாவுது, ரயிலு போயிடும்

காது தானாக மெதுவான குரலைப் பிடித்துக்கொள்ளும், வேகமானது பின்னால் சத்தமாகிவிடும். யாரைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அவருக்குச் சொல்லைக் குறையுங்கள். குக்கர் விசில் வேண்டும் என்று முதலில் பதிவு செய்துவைத்திருந்தோம், ஆனால் ஒத்திகையில் அவளாக நடித்த பெண் பாடிக்கொண்டே டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, மறுபடி அமுக்கி மூடினாள். டக். வரி முடிகிற ஒவ்வொரு இடத்திலும் அதே மாதிரி திறந்து மூடினாள், ஏன் என்று கேட்டால் 'எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க' என்றாள். மிருதங்கக்காரரை அந்தக் காட்சிக்குச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டோம்.

சுருதிப் பிரச்சினை உங்களுக்கும் வரும். ஆர்மோனியக் கட்டைக் கணக்கில் ஆணின் சுருதி ஒரு கட்டை, பெண்ணுடையது ஐந்து கட்டை, ஜோடிப் பாட்டு என்றால் யாராவது ஒருவர் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் இரண்டு பேரையும் அவரவர் சுருதியிலேயே விட்டுவிட்டோம். ஆர்மோனியத்தில் வைத்துப் பாருங்கள், ஐந்து கட்டை என்பது ஒரு கட்டைக்குப் பஞ்சமம். அதாவது அவளுடைய 'ச' அவனுக்கு 'ப'. ஒரே சுருதிப் பெட்டி போதும், அவனுக்கு அது 'ச'-வோடு 'ப' சேர்ந்த பஞ்சம சுருதி, அவளுக்கு அதுவே 'ச'-வோடு 'ம' சேர்ந்த மத்யம சுருதியாகிவிடும். ஒரே வீடு, ஒரே சத்தம், ஆளுக்கொரு ஆதார ஸ்வரம். இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி

இனிமேல்தான் முக்கியமான விஷயம். எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு வாரம் காதைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் புருஷன் பெண்டாட்டி பேச்சை எந்தச் சொல்லால் முடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். கோபத்தில் முடிவதில்லை. 'சரி' என்று முடியும். 'பால் வாங்கிட்டு வாங்க.' 'சரி.' 'இந்த மாசமும் ஊருக்குப் போக முடியாது போல.' 'சரி.' முதலாவதும் இரண்டாவதும் ஒரே சொல்தான், ஆனால் ஒரே சொல்லா?

அதில் இசைக்காரனுக்கு ஒரு புதையல் இருக்கிறது. ச, ரி. சொல்லே ஸ்வரம். ஸ்வராக்ஷரம் என்பார்கள், கீர்த்தனைக்காரர்கள் எல்லாம் தேடித் தேடி வைக்கிற அணி, நம் வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை சும்மா விழுகிறது. எங்கள் ஓபரா முழுக்க 'சரி' வருகிற இடமெல்லாம் 'ச ரி' என்றே பாட வைத்தோம். காலையில் அவன் பாடும் 'சரி' ஒரு கட்டையிலிருந்து இரண்டாம் கட்டைக்கு, வெள்ளையிலிருந்து வெள்ளைக்கு, சதுஸ்ருதி ரிஷபம் என்கிற மேல் 'ரி', கேட்க இதமாக இருக்கும். மத்தியானம் க்ரீன் சர்க்கிளில் பொய் சொல்லிப் பிரியும்போது அதே 'சரி' பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு இறங்கிவிடும், சுத்த ரிஷபம் என்கிற கீழ் 'ரி'. அரை ஸ்வரம்தான். சங்கீதம் தெரியாதவர்களும் முன்வரிசையில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கடைசிக் காட்சிக்கு இந்த வித்தையை இன்னும் கொஞ்சம் நீட்டினோம். சாமும் டைனாவும் சினிமாவுக்குப் போகிறார்கள், நம் ஆட்கள் எங்கும் போகவில்லை. ராத்திரி பத்து மணி, பையன் தூங்கிவிட்டான், ஆண்டு விழாவில் அவன் வாங்கிய கப் டிவி மேல் இருக்கிறது, அதை வாங்கும்போது கைதட்ட இரண்டு பேரும் போகவில்லை. அவள் தட்டுகளை எடுக்கிறாள். அவன் ஏதோ சொல்ல நினைத்து எழுந்து நின்று ஒரே ஒரு வரி பாடுகிறான்: 'சரிம்மா, அப்ப நீ...'

ச ரி ம ப நி. முகாரியும் இப்படித்தான் ஏறும், மத்யமாவதியும் இப்படித்தான் ஏறும். ஒன்று ஒப்பாரிக்குப் போகிற ராகம், இன்னொன்று கச்சேரி முடித்து மங்களம் பாடுகிற ராகம். நிஷாதம், அதாவது 'நி' வரைக்கும் எது என்று சொல்ல முடியாது. அங்கிருந்து தைவதத்துக்கு ('த') திரும்பினால் முகாரி, நேராக மேல் ஷட்ஜத்துக்கு ('ச') போனால் மத்யமாவதி. நாங்கள் 'நீ'-யில் நிறுத்திவிட்டோம். ஆர்மோனியக்காரருக்குக் கை தானாக ஷட்ஜத்துக்குப் போகும், முதல் இரண்டு ஒத்திகையில் போய்த்தான் விட்டது, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளாத குறை. நிஷாதத்திலேயே ஒரு மூச்சு நிற்க, சுருதிப் பெட்டி மட்டும் ஓட, அவள் திரும்பிப் பார்க்க, விளக்கு அணைய வேண்டும். கோஷ்டி ஒரு தடவை 'காத்து வருது' என்று மெதுவாக ஆரம்பிக்கலாம், நாங்கள் வைத்திருந்தோம், இப்போது யோசித்தால் அதுவும் வேண்டாம்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. பேசிப் பார்த்தால் 12 நிமிடம் வருகிற எழுத்து பாடினால் 35 நிமிடம் ஆகும், அதனால் எழுதியதில் பாதியை இரக்கமில்லாமல் அடித்துவிடுங்கள். வாத்தியம் ஆர்மோனியம், மிருதங்கம், கைத்தாளம், கோஷ்டிக்கு மட்டும் ஒரு கீபோர்டு. கூத்தில் ஊதுகிற முகவீணைக்காரர் கிடைத்தால் அகழிக் காட்சியை அவரிடம் கொடுத்துவிடலாம், எங்களுக்குக் கிடைக்கவில்லை. வெயில் காலத்தில் வேண்டவே வேண்டாம், நம் ஊரில் ராத்திரி எட்டு மணிக்கும் மாடித் தரை அடுப்பு மாதிரி இருக்கும். தை மாதம் சரியாக இருக்கும், பாடுகிறவர்களுக்கு மட்டும் பனி இறங்காமல் தலைக்கு மேல் ஒரு பந்தல் போடுங்கள். ஸ்பீக்கரை முந்தின நாளே வாங்கிச் சோதித்துவிடுங்கள், நாங்கள் வாடகைக்கு எடுத்தது முதல் காட்சி முழுக்க வண்டு மாதிரி உறுமியது, நல்ல வேளையாக அது ஃபிரிட்ஜ் சத்தம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நடுவில் எழுந்து போனவர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. அகழிக் காட்சியில் அவர் முதலில் எழுந்தார், கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவும். தங்களைப் பற்றித்தான் எழுதிவிட்டோம் என்று கோபமோ என்று எங்களுக்குப் பயம். மறுநாள் காலை தண்ணீர் கேன் வாங்க இறங்கியபோது அந்த அம்மா மாடிப்படியில் நிறுத்தி, 'கடைசியில இன்னா ஆச்சு?' என்று கேட்டார். சொன்னேன். 'நான் கேட்டேன்னு அவருகிட்ட சொல்லாதீங்க' என்றார். சாயந்தரம் பால் பூத்தில் அவர் வந்து தோளில் கைபோட்டு, 'அந்தக் கதை எப்படி சார் முடிஞ்சுது, வீட்டுல சொல்லிக்காதீங்க' என்றார். அவருக்கும் அந்த ஒரு வரியைப் பாடிக் காட்டி 'நீ'-யில் நிறுத்தினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'அப்புறம்?' என்றார்.